பட்டாசு ஆலை விபத்து: அதிர்ந்துபோன பிள்ளைகளிடம் ‘அதை மறந்துடு’ என்று சொல்வது சரியா?

விருதுநகரில் இருந்து சிவகாசி போகும் சாலையில் இருக்கிறது ஆமத்தூர். காலையில் ஸ்கூல் பஸ்ஸுக்கு முன்பே பட்டாசு ஆலை வேன்கள் வந்துபோகிற பக்கம். திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் இங்கே பெரியவர்கள் முதலில் பார்ப்பது வானத்தை. புகை எந்தத் திசையில் வருது? அடுத்து கை போவது போனுக்கு. நம்ம ஆளு இன்னைக்கு எந்த கம்பெனி, எந்த ரூம்?

அந்தச் சில நிமிடங்களில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. யோசிக்கவும் முடியாது. ஆனால் ஒரு மாதம் கழித்தும் யோசிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 38 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். 2025 ஜனவரியில் சாத்தூர் அருகே 6 பேர். அதே ஆண்டு ஜூலையில் சின்னக்காமன்பட்டி. நடுவில் விட்டுப்போன ஊர்ப் பெயர்களை எழுதினாலே ஒரு பக்கம் வரும். ஒவ்வொரு முறையும் அடுத்து நடப்பது எல்லோருக்கும் மனப்பாடம்: போலீஸ் வழக்கு, போர்மேன் கைது, உரிமம் ரத்து, நிவாரண அறிவிப்பு. சின்னக்காமன்பட்டி விபத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 4 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் விருதுநகர் வந்தபோது, விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும் என்றார் முதல்வர் மு.க.ஸ்டாலின். கலெக்டர் பொறுப்பில் தனி நிதி, முதல் கட்டமாக 5 கோடி ரூபாய்.

நல்ல ஏற்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை காலேஜ் வரைக்கும் வந்து சேர வேண்டும் இல்லையா? ராத்திரி தூங்க முடியாமல், வகுப்பில் கவனம் நிற்காமல், எட்டாம் கிளாஸிலேயே படிப்பை விட்டுவிட்டால் அந்த நிதி யாருக்கு?

பயமா, பிடிஎஸ்டியா?

விபத்தைப் பார்த்த, கேட்ட, அதில் அம்மாவையோ அப்பாவையோ இழந்த எந்தப் பிள்ளையும் முதல் சில வாரம் சரியாக இருக்காது. தூக்கத்தில் அலறும். சாப்பாடு இறங்காது. பாத்ரூம் போகக்கூட ஆள் துணை கேட்கும். எப்போதோ நின்றுபோன படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் திரும்ப வரும். இதெல்லாம் நோய் இல்லை. பெரிய அடி விழுந்த மனசு அப்படித்தான் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டாரின் அரவணைப்பிலேயே மெல்லத் தேறிவிடுவார்கள்.

தேறாதவர்களும் உண்டு. இப்படிப்பட்ட பேரதிர்ச்சிக்கு ஆளான பிள்ளைகளைப் பற்றிய பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான கணக்கு, ஏறத்தாழ 16 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி வருவதாகச் சொல்கிறது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் என்று தமிழில் நீட்டிச் சொல்லலாம். ஈழத்தமிழில் ‘மனவடு’ என்று அழகான சொல் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அந்தப் பெயரிலேயே ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

ஒரு மாதம் தாண்டியும் அறிகுறிகள் போகவில்லை, படிப்பும் அன்றாட வாழ்க்கையும் கெடுகிறது என்றால்தான் பிடிஎஸ்டியாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். அந்தச் சம்பவம் பிள்ளை கூப்பிடாமலே படமாக ஓடும். அதை நினைவூட்டும் இடம், ஆள், வாசனை எல்லாவற்றையும் பிள்ளை தவிர்க்கப் பார்க்கும். உடம்பு எப்போதும் உஷாராகவே இருக்கும். குக்கர் விசிலுக்குத் தூக்கிவாரிப் போடும். ‘எல்லாம் என்னாலதான்’ என்ற எண்ணம் உள்ளே உட்கார்ந்துகொள்ளும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் வாயால் சொல்லத் தெரியாது. விளையாட்டில் காட்டுவார்கள். தீப்பெட்டியை அடுக்கி, தட்டிவிட்டு, மறுபடி அடுக்கி, மறுபடி தட்டிவிட்டு. அந்த விளையாட்டில் சந்தோஷம் இருக்காது, அதுதான் அடையாளம். பதினான்கு, பதினைந்து வயதில் வேறு மாதிரி வரும். சிடுசிடுப்பு, சண்டை, பைக்கைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, ஸ்கூலுக்குக் கட் அடிப்பது. ‘அப்பா இல்லாத பையன், கெட்டுப் போய்ட்டான்’ என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

‘மறந்துடு’ ஏன் வேலை செய்வதில்லை?

வீட்டில் வழக்கமாகச் சொல்வது இதுதான்: “அதையே நினைக்காத கண்ணு, மறந்துடு.” சொல்பவர்களிடம் பாசத்துக்குக் குறைவில்லை. கோயிலில் திருநீறு போட்டு, கயிறு மந்திரித்துக் கட்டி, ‘பயந்த கோளாறு’க்குப் பாடம் போட்டுக் கூட்டி வருவார்கள். அதில் தப்பு ஏதும் இல்லை. தன்னைச் சுற்றி நாலு பேர் இருக்கிறார்கள் என்ற தெம்பைப் பிள்ளைக்கு அது தரும். அதோடு நிறுத்திக்கொள்வதில்தான் கோளாறு.

சாதாரண நினைவுக்குத் தேதியும் இடமும் உண்டு. போன வருஷம் திருவிழா என்றால் அது போன வருஷம்தான். பேரதிர்ச்சியின் நினைவு அப்படிப் பதிவாவதில்லை. சத்தம், கந்தக நாற்றம், கருகிய சேலை, ஆம்புலன்ஸ் சைரன் என்று துண்டு துண்டாக, சூடு ஆறாமல் கிடக்கும். ஏதோ ஒரு துண்டைத் தொட்டால் மொத்தமும் ‘இப்போதே’ நடப்பது போல எழும். பிள்ளை பழசை நினைத்து அழுவதாக நமக்குத் தெரியும். பிள்ளைக்கோ அது மறுபடி நடந்துகொண்டிருக்கிறது.

மறக்கச் சொன்னால் அந்தத் துண்டுகளைத் தொடாமல் சுற்றிப் போகப் பழகும், அவ்வளவுதான். இன்று ஆலைப் பக்கம் போகாது. நாளை அந்த ரோட்டில் போகாது. அடுத்து அந்த ரோட்டில் வரும் ஸ்கூல் பஸ்ஸில் ஏறாது.

வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொள்ளும்போது இன்னொன்றும் நடக்கிறது. முகம் பார்க்க முடியாத நிலையில் உடல் வந்திருக்கும். ‘அப்பா ஊருக்குப் போயிருக்காரு’ என்று பிள்ளையிடம் சொல்லியிருப்பார்கள். உண்மை எப்படியும் பக்கத்து வீட்டில் இருந்தோ செல்போன் வீடியோவில் இருந்தோ வந்து சேரும். தெரியாத இடத்தைப் பிள்ளை கற்பனையால் நிரப்பும். பல நேரம் அந்தக் கற்பனை நடந்ததைவிடக் கோரமாக இருக்கும்.

தெரபியில் என்னதான் நடக்கும்?

‘கவுன்சலிங்’ என்றதும் பலரும் நினைப்பது அறிவுரை. தைரியமா இருக்கணும், நல்லா படிக்கணும் என்று ஒருவர் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவது. பிடிஎஸ்டிக்கான தெரபி அது இல்லை. அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்பது பிள்ளைகளுக்கு அதிக ஆதாரம் உள்ள முறை. 14 ஆய்வுகளையும் 758 பிள்ளைகளையும் கணக்கில் எடுத்து 2012-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும் அந்தச் சிகிச்சை வகைக்கே நல்ல ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போய், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு பிடிஎஸ்டிக்காக மாத்திரை கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு நிற்கும் வீட்டார் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு உதாரணத்துக்கு, அம்மாவை இழந்த பத்து வயதுப் பெண் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு செஷன். முதல் இரண்டு, மூன்று வாரம் அந்த நாளைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்கள். உடம்பு ஏன் நடுங்குகிறது, இது பைத்தியம் இல்லை என்பதைப் பிள்ளைக்குப் புரிகிற மொழியில் சொல்வார்கள். மூச்சை இழுத்து மெதுவாக விடப் பழக்குவார்கள். கோபம், பயம், ஏக்கம், வெட்கம் என்று உணர்ச்சிகளுக்குப் பெயர் வைக்கச் சொல்லித் தருவார்கள். ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்று மட்டுமே சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இதுவே பெரிய விஷயம்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதை. காலையில் என்ன டிபன், அம்மா என்ன சேலை கட்டியிருந்தது, வேன் எத்தனை மணிக்கு வந்தது, சத்தம் கேட்டபோது எங்கே நின்றாய் என்று அந்த நாள் முழுவதும் முதலில் இருந்து கடைசி வரை, வரிசையாக. எழுதலாம், வரையலாம், சொல்லச் சொல்லத் தெரபிஸ்ட் எழுதலாம். ஒருமுறை அல்ல, பலமுறை. ஒவ்வொரு முறையும் சூடு கொஞ்சம் இறங்கும். துண்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கதையாக மாறும்.

கதையின் நடுவில்தான் முள் தட்டுப்படும். “நான்தான் நோட்டு வாங்கக் காசு கேட்டேன். அதனாலதான் லீவு போடாம அம்மா வேலைக்குப் போச்சு.” பல மாதமாக யாரிடமும் சொல்லாமல் அந்தப் பிள்ளை சுமந்துகொண்டிருந்த வரி இது. ‘சீச்சீ, அப்படியெல்லாம் இல்ல’ என்று தட்டிவிட்டால் போகாது. ஆலையில் என்ன நடந்தது, ஒரு ரூமில் எத்தனை பேர் உட்கார வேண்டும், எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், மருந்து உராய்ந்தால் என்ன ஆகும், இதில் நோட்டுக்குக் காசு கேட்ட பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று பிள்ளையே கணக்குப் போட்டு விடைக்கு வர வேண்டும். தெரபிஸ்ட் கேள்வி மட்டும் கேட்பார்.

இதே வாரங்களில் பாட்டியோ அப்பாவோ, யார் வளர்க்கிறார்களோ அவர்களுக்கும் தனியாக செஷன் உண்டு. பிள்ளை அழுதால் பேச்சை மாற்றாமல் கூட இருக்க அவர்களும் பழக வேண்டும். அவர்களுக்கும் அதே துக்கம்தானே. மொத்தம் 6 முதல் 12 செஷன், துக்கம் சிக்கலாக இருந்தால் இன்னும் சில.

அவசரப்பட்டு விபத்து நடந்த வாரமே வரிசையாக உட்காரவைத்து ‘என்ன பார்த்த, சொல்லு’ என்று கேட்பது இதற்கு நேர் எதிரானது. அந்த ஒருநாள் விசாரிப்பால் பலன் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே ஒதுக்கிவிட்டது. மைக்கை நீட்டும் சேனல்காரர்களுக்கும் இது பொருந்தும்.

இலங்கையில் தமிழிலேயே செய்து பார்த்தார்கள்

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம்ம ஊருக்கு ஆகாது என்று தோன்றலாம். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாமில் நடந்ததைப் பார்க்க வேண்டும். போரும் கடலும் இரண்டும் அடித்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். 8 முதல் 14 வயது வரையிலான 31 பேருக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே ஆறு செஷன் நடத்தினார்கள். ஒரு பாதிக்கு ‘கிட்நெட்’ என்ற கதை சொல்லும் முறை. தரையில் ஒரு கயிற்றை விரித்து, அதுதான் உன் வாழ்க்கை என்பார்கள். நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். அப்புறம் ஒவ்வொரு கல்லாகக் கதை. மறுபாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கதை சொன்னவர்களில் 81 சதவீதம், தியானம் செய்தவர்களில் 71 சதவீதம் பேர் பிடிஎஸ்டியில் இருந்து மீண்டிருந்தார்கள். கிளாடியா கட்டானி குழுவின் இந்த ஆய்வு 2009-ல் வெளியானது. 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. சிகிச்சையே கொடுக்காத பிள்ளைகளோடு ஒப்பிடவும் இல்லை. அதனால் இதைத் தலைமேல் தூக்கிவைக்க வேண்டாம். ஆனால் உள்ளூர் ஆட்களே, முகாமுக்குள்ளேயே, ஆறே செஷனில் இதைக் கொண்டுபோக முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

இன்னொரு ஆய்வு அவ்வளவு இனிப்பானது இல்லை. அதே வட இலங்கையில், 9 முதல் 12 வயதுள்ள 399 பள்ளிப் பிள்ளைகளிடம் வகுப்பறையிலேயே 15 செஷன் குழுப் பயிற்சி நடத்தினார்கள். 2012-ல் வந்த முடிவு: மொத்தமாகப் பார்த்தால் பிடிஎஸ்டி அறிகுறிகளில் பெரிய பலன் இல்லை. பயிற்சி பெற்ற பெண் பிள்ளைகளைவிட, பெறாமல் காத்திருந்த பெண் பிள்ளைகள் அதிகம் தேறியிருந்தார்கள். எல்லாரையும் ஒரே ஹாலில் உட்காரவைத்து நடத்தினால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அந்த ஆய்வில் ஒரு வரி ஆமத்தூருக்கென்றே எழுதியது மாதிரி இருக்கிறது. போரின் அன்றாட நெருக்கடி யாருக்குக் குறைவாக இருந்ததோ, அந்தப் பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி நன்றாக வேலை செய்தது.

ஆபத்து முடியாத ஊரில் தெரபி

பிடிஎஸ்டி தெரபியின் அடிப்படையே ‘அது முடிந்துவிட்டது, இப்போது நீ பத்திரமாக இருக்கிறாய்’ என்பதுதான். கார் விபத்தில் தப்பிய பிள்ளையிடம் அதைச் சொல்லலாம். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையின் அம்மா, பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரமே இன்னொரு ஆலையின் வேனில் ஏறுகிறார் என்றால்? நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் தயாராகிற வட்டாரம் இது. வேறு வேலைக்கு எங்கே போவது?

அந்தப் பிள்ளையிடம் ‘இனி ஒன்னும் ஆகாது’ என்று தெரபிஸ்ட் சொன்னால் அது பொய். பிள்ளைக்கும் தெரியும் பொய் என்று.

அதனால் இந்தப் பகுதியில் தெரபி கொஞ்சம் வேறு மாதிரி நடக்க வேண்டும். எது நினைவூட்டல், எது நிஜ ஆபத்து என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டும். அடுத்த தெருவில் கல்யாண ஊர்வலத்துக்குப் போட்ட சரவெடி நினைவூட்டல். லாரி டயர் வெடித்தது நினைவூட்டல். தீபாவளி மாசம் முழுக்க நினைவூட்டல்தான். இவற்றுக்கு உடம்பைப் பழக்க முடியும், முதலில் போனில் சின்ன சத்தமாக, பிறகு தூரத்தில் ஒரு வெடியாக. ஆலைப் பக்கம் எழும் சத்தமும் புகையும் வேறு. அதற்குப் பயப்படுவதில் தப்பில்லை. அங்கே பிள்ளைக்கு வேண்டியது ஒரு திட்டம்: சத்தம் கேட்டால் அம்மா யாருக்கு முதலில் போன் செய்வார், ஸ்கூலில் எந்த டீச்சரிடம் போய்க் கேட்கலாம், யார் வந்து கூட்டிப்போவார். சின்ன விஷயம். ஆனால் இது இல்லாமல் மூச்சுப் பயிற்சி மட்டும் கொடுத்தால் நிற்காது.

பயத்தில் ஒரு பங்கு சரியான கணக்கு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு ரூமில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் கூடுதல் ஆளை உட்காரவைப்பது, உரிமத்தை உள்குத்தகைக்கு விடுவது, ஆர்டர் நெருக்கடியில் அளவுக்கு மீறி மருந்து கலந்து வைப்பது. விபத்து விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் இவை. பிள்ளையின் பயத்தில் அந்தப் பங்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆலை உரிமையாளர்களும் ஆய்வுக்கு வரும் அதிகாரிகளும். அவர்கள் வேலையை அவர்கள் செய்யாதவரை, எவ்வளவு நல்ல தெரபிஸ்ட் வந்தாலும் பாதிக்கிணறுதான்.

யார் செய்வது?

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 தான். பிள்ளைகளுக்கென்று தனியாகப் படித்தவர்கள் இன்னும் குறைவு. ஆகவே டாக்டர் வருவார் என்று காத்திருந்தால் நடக்காது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. விருதுநகரிலேயே 2022 ஜனவரியில் இருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஸ்கூல் டீச்சர்கள், கிராம சுகாதார செவிலியர்கள் இருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் உள்ளூர் ஆட்களுக்கு மனநல ஆதரவுப் பயிற்சி கொடுத்த அனுபவமும் இருக்கிறது.

இருப்பதை ஒன்று சேர்ப்பதுதான் பாக்கி. விபத்து நடந்து ஒரு மாதம் ஆனதும், பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளைப் பெயர் பெயராகப் பார்க்க வேண்டும். எட்டே கேள்விகள் கொண்ட ‘கிரைஸ்-8’ போன்ற கேள்வித்தாள் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. சில நிமிட வேலை. அதில் தெரியவரும் பிள்ளைகளுக்கு மட்டும் தனித்தனி செஷன். நடத்துபவர் நன்கு பயிற்சி பெற்ற ஆசிரியராகவோ ஆலோசகராகவோ இருக்கலாம். ஆனால் வாராவாரம் ஒரு மனநல மருத்துவரோ உளவியலாளரோ அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேச வேண்டும். பேனர் கட்டி, ஒருநாள் கேம்ப் நடத்தி, போட்டோ எடுத்துவிட்டுப் போவதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

பிள்ளையைக் கூட்டி வரும் பாட்டிக்கோ அம்மாவுக்கோ அன்றைய கூலி போகும். பஸ் செலவு இருக்கும். மூன்றாவது செஷனுக்கு வராமல் போவதற்கு இதுவே போதும். கலெக்டர் பொறுப்பில் உள்ள அந்த 5 கோடி நிதியில், காலேஜ் பீஸுக்குப் பக்கத்தில் 12 செஷனுக்கும், அந்த நாட்களின் கூலிக்கும் ஒரு வரி சேர்க்கலாம். நிவாரண உத்தரவிலேயே ‘பிள்ளைகளுக்கு ஒரு மாதத்தில் மனநலப் பரிசோதனை’ என்று எழுதலாம். புதிதாகச் சட்டம் ஒன்றும் தேவையில்லை.

முதலிப்பட்டி விபத்தின்போது எட்டு வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது இருபதைத் தாண்டியிருக்கும். அவர்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை. பல ஆண்டு பழைய பிடிஎஸ்டிக்கும் இதே வகைத் தெரபி பெரியவர்களிடம் வேலை செய்கிறது.

இப்போதைக்கு என்ன வழி?

விபத்து நடந்து ஒரு மாதம் தாண்டியும் பிள்ளை தூங்கவில்லை, ஸ்கூல் போக மறுக்கிறது, சத்தத்துக்கு நடுங்குகிறது என்றால் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவை இது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சாகணும் என்று பிள்ளை பேசினாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே அழைக்க வேண்டும். ஆதரவில்லாத பிள்ளை என்றால் 1098. நேரில் போவதாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்கே ஒரு கேள்வியைத் தயங்காமல் கேட்கலாம்: “மாத்திரை இல்லாம, பிள்ளையை உட்காரவச்சுப் பேசுற தெரபி எத்தனை வாரம் குடுப்பீங்க, எந்தக் கிழமை வரணும்?”